மெட்டில்லாத கித்தாரும் அப்பாவின் விரல்களும்

(பன்னிரண்டாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

பாட்டைக் கேட்கும்போது நாம் எதைக் கேட்கிறோம், தோழியரே? பாடுகிறவரின் குரலைக் கேட்கிறோம். வயலினைக் கேட்கிறோம். தபலாவுக்குத் தலையாட்டுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் பேஸ் கித்தாரை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதை நடுவில் நிறுத்திவிட்டால் போதும், இன்னதென்று சொல்லத் தெரியாமல் ஏதோ ஒன்று போய்விட்டது என்று எல்லோரும் உணர்வோம். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அஸ்திவாரத்தையா பாராட்டுகிறார்கள்? அந்தப் பேஸ் கித்தாரில் ஒரு தனி வகையைப் பற்றியும், அதன் குரலைக் கணினியில் உண்டாக்க நான் எட்டு மாதங்களாகப் பட்ட பாட்டைப் பற்றியும் மலருக்கு எழுதித் தரும்படி எங்கள் இசை ஆசிரியை அருட்சகோதரி கேட்டுக்கொண்டார்கள். கணக்கும் இயற்பியலும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ் கித்தாருக்கு நான்கு கம்பிகள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி என்று பெயர். விரல் வைக்காமல் ஈ கம்பியைத் தட்டினால் அது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். பியானோவின் இடது கோடியிலிருந்து எண்ணினால் எட்டாவது கட்டை அது. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கித்தாருக்குப் ‘பிரெசிஷன்’ என்று பெயரிட்டார். துல்லியம் என்பது அச்சொல்லின் பொருள். அதுவரை ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய டபுள் பேஸை அணைத்துக்கொண்டு வாசித்தார்கள். அதில் விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சுரம். ஃபெண்டரின் கித்தாரிலோ, நம் வீணையில் இருப்பதைப் போல மெட்டுகள் உண்டு. (மெட்டு என்றால் இங்கே பாட்டின் மெட்டு அன்று, விரலுக்கு இடம் காட்டும் உலோகப் பட்டை.) மெட்டுக்குப் பின்னால் எங்கே அழுத்தினாலும் சுரம் சரியாக வந்து நிற்கும். அதனால்தான் துல்லியம் என்று பெயர்.

மனிதருடைய மனத்தைப் பாருங்கள்! துல்லியம் கிடைத்துப் பத்து ஆண்டுகள் ஆவதற்குள் அதைப் பிடுங்கிப் போட ஆள் வந்துவிட்டார். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த பில் வைமன் 1961-இல் தம்மிடமிருந்த மலிவான பேஸ் கித்தாரின் பழைய மெட்டுகளைக் கழற்றினார். புதியவை பொருத்துவதுதான் எண்ணம். வெறும் மரத்தில் வாசித்துப் பார்த்தவருக்கு அந்த ஒலி பிடித்துப்போகவே, அப்படியே விட்டுவிட்டார். 1966-இல் ஆம்பெக் நிறுவனம் மெட்டில்லாத பேஸை விற்பனைக்கே கொண்டுவந்தது. 1970-இல் ஃபெண்டரும் தொடர்ந்தது. ஆனால் இந்தக் கருவியைப் பாட வைத்தவர் என்று எல்லோரும் கைகாட்டுவது ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவரைத்தான். ஃபெண்டரின் பேஸ் வந்த அதே 1951-இல் பிறந்தவர். மெட்டு நீக்கிய பலகைக்குப் படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசிக் கண்ணாடிபோல் இறுகச் செய்து வாசித்தார். அவருடைய முதல் இசைத்தட்டு 1976-இல் வந்தது. 1987-இல், முப்பத்தைந்து வயதிலேயே இறந்துவிட்டார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அப்பா மரவேலைப் பட்டறையில் வேலை பார்ப்பவர். இளமையில் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசித்தார். பிறகு எங்கள் பங்கு ஆலயப் பாடகர் குழுவில் இருபது ஆண்டுகள். யாரோ கொடுத்த ஒலிநாடாவில் ஜாக்கோவைக் கேட்டுவிட்டு, தம்முடைய கித்தாரின் மெட்டுகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பள்ளங்களை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தவர் அவர். “அன்னிக்கு உங்க பாட்டி என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாங்க” என்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் அப்பாவின் இடது கை இயந்திரத்தில் சிக்கியது. மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றுவரை மடங்குவதில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டார், கித்தாருக்குத் திரும்பவில்லை. அதற்குத் துணியுறை போட்டுச் சுவரில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவின் பக்கம் திரும்பாமல், ஆண்கள் வரிசையில் கடைசியில் போய் நிற்க ஆரம்பித்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

வலது கை நன்றாக இருக்கிறது. இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் வேலை செய்கின்றன. கட்டைகள் உள்ள ஒரு சிறு விசைப்பலகையைக் கணினியோடு இணைத்தால், வலது கையால் சுரத்தைத் தொட்டு, இடது கையின் இரண்டு விரல்களால் பக்கத்திலுள்ள சக்கரத்தை உருட்டிச் சுரத்தை வளைக்கலாம். வாசிக்கக் கை இருக்கிறது. கருவியின் குரல்தான் வேண்டும். அதைச் செய்வது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு சுரத்தையும் உண்மையான கித்தாரில் பதிவுசெய்து வைத்து, கட்டையைத் தொட்டதும் அந்தப் பதிவை ஒலிக்கச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. நல்லவை விலை அதிகம். அதைவிட முக்கியம், பதிவு என்பது புகைப்படம் போன்றது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போகிற கித்தாருக்குப் புகைப்படம் போதாது. ஆகவே அலையிலிருந்தே ஒலியை உருவாக்கும் மென்பொருள் சிந்தசைசரை நாடினேன். சர்ஜ் என்ற ஒன்றை, அதை ஆக்கியவர் 2018-இல் மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டார். பலர் கூடி வளர்த்துவரும் அதன் புதிய வடிவம் சர்ஜ் எக்ஸ்டி. காசு இல்லை. அக்காவின் பழைய மடிக்கணினியில் ஓடுகிறது. இருபத்தைந்து கட்டை விசைப்பலகையைப் பாடகர் குழு அண்ணன் ஒருவர் இரவல் கொடுத்தார்.

அதற்குள் ‘கம்பி’ என்றே ஒரு ஒலிமூலம் இருக்கிறது. 1983-இல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் என்ற இருவர் வெளியிட்ட வழிமுறையைச் சார்ந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு எளிது! கணினி ஒலியை நொடிக்கு 44,100 எண்களாக எழுதுகிறது. நமக்கு நொடிக்கு 41.2 அதிர்வு வேண்டுமானால், ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 1,070 எண்கள். எனவே 1,070 எண்களை ஒழுங்கின்றித் தாறுமாறாக நிரப்பு. அவற்றை வரிசையாக ஒலிக்கச் செய். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் எண்ணையும் அதன் பக்கத்து எண்ணோடு கூட்டிச் சராசரி எடுத்து வை. அவ்வளவுதான். தாறுமாறு மெல்ல மெல்ல மழுங்கி, மீட்டிய கம்பி ஓய்வதைப்போல ஓய்கிறது. இரைச்சலிலிருந்து ஒரு வீணைத் தந்தி!

கம்பியைத் தட்டும் ஒலி அதில் மிக அழகாக வந்தது. ஆனால் அது பிறக்கும்போது ஒளியாகப் பிறந்து, உடனே மங்கத் தொடங்கியது. மெட்டில்லாத பேஸ் அப்படி நடந்துகொள்வதில்லை. முதலில் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்கிறது. பிறகு வாயைத் திறந்து ‘வா’ என்கிறது. ‘ம்வா’ என்ற இந்த முனகலால்தான் அதைப் பாடும் கருவி என்கிறார்கள். தட்டிய பிறகு ஒலி எப்படிக் கூடுதலாகத் தெளியும்? பெற்ற ஆற்றலைச் செலவழிப்பதுதானே கம்பியின் வேலை?

இதற்கு விடை எங்கள் பள்ளி இசை அறையிலேயே இருந்தது. அருட்சகோதரி அவர்கள் தம்புராவை எடுத்து, குதிரையின் மேல் தந்திக்கு அடியில் இருந்த சிறு நூலை விலக்கிவிட்டு மீட்டினார்கள். ஒலி வெறுமையாக இருந்தது. நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தி மீட்டினார்கள். தேனீக் கூட்டம்போல் ரீங்காரம் எழுந்தது. தம்புராவின் குதிரை கூர்மையானதல்ல. அகன்று, மெல்ல வளைந்தது. அதிரும் தந்தி அந்த வளைவை உரசி உரசி எழுகிறது. ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் கணு உள்ள மேற்சுரங்கள் பிறக்கக்கூடாது என்பது இயற்பியல் விதி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சி. வி. ராமன், தம்புராவும் வீணையும் இந்த விதிக்கு அடங்குவதில்லை என்றும், வளைந்த குதிரையின் உரசலே அந்த மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது என்றும் 1921-இல் எழுதினார். நோபல் பரிசு தந்த ஒளிச்சிதறலைக் கண்டறிவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு!

மெட்டில்லாத கித்தாரிலும் நடப்பது இதற்கு உறவுதான். கம்பி உலோகப் பட்டையில் நிற்கவில்லை. விரலின் சதைக்கும் மரத்துக்கும் இடையில் நிற்கிறது. விரலுக்குச் சற்று முன்னால் அது பலகையை உரசிக்கொண்டே அதிர்கிறது. உரசல் மேற்சுரங்களைத் திரும்பத் திரும்ப ஊட்டுகிறது. அதுதான் அந்த ‘வா’. சதையோ மிக நுண்ணிய மேற்சுரங்களை விழுங்கிவிடுகிறது. அதனால் ஒலி கூர்மையாக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது.

இது விளங்கிய பிறகு நான் செய்தவற்றைச் சொல்கிறேன். ‘கம்பி’ ஒலியை மிகத் தாழ்வாக வைத்துக்கொண்டு, தட்டும் ஓசைக்கு மட்டும் பயன்படுத்தினேன். உடம்புக்குப் பல்ஸ் என்னும் அலையை எடுத்தேன். படிக்கட்டைப்போல ஏறி நின்று இறங்கும் அலை அது. மேல்படியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் அதன் அகலம். எட்டில் ஒரு பங்கு அகலம் வைத்தால் எட்டாவது மேற்சுரம் மறையும். கம்பியை அதன் நீளத்தில் எட்டில் ஒரு பங்கில் தட்டினாலும் அதே எட்டாவது மறையும்! நான் சுவரிலிருந்த கித்தாரை இறக்கி அளந்தேன். கம்பியின் நீளம் 34 அங்குலம். வார்னிஷ் தேய்ந்து அப்பாவின் விரல் படிந்த இடம், குதிரையிலிருந்து நாலேகால் அங்குலம். சரியாக எட்டில் ஒரு பங்கு. கம்பியின் நடுவில் இடது விரலை வைத்தால் அதிரும் நீளம் 17 அங்குலமாகும். வலது கை நகரவில்லை. ஆகவே பங்கு நாலில் ஒன்றாகிறது. அதனால் கட்டை மேலே போகப் போக அலையின் அகலமும் கூடும்படி அமைத்தேன். இது யாருடைய காதுக்கும் தனியாகத் தெரியாது. எனக்கு மட்டும் அந்தத் தேய்ந்த இடம் இதற்குள் இருக்கிறது என்ற திருப்தி.

அடுத்தது வடிகட்டி. கீழோசைகளை விட்டு மேலோசைகளைத் தடுப்பது அதன் பணி. வழக்கமான பேஸ் ஒலிக்கு இதைத் தட்டும்போதே திறந்து, பிறகு மூடுவார்கள். இங்கே ‘ம்வா’ வரவேண்டுமே! 250 ஹெர்ட்ஸில் மூடியபடி தொடங்கி, ஏழில் ஒரு பங்கு நொடிக்குள் 900 வரை திறந்து, பின் இரண்டு நொடிகளில் மெல்ல மூடும்படி வைத்தேன். கட்டையை மெதுவாகத் தொட்டால் குறைவாகத் திறக்கும். அழுத்தித் தொட்டால் அகலத் திறக்கும். திறக்கும் விளிம்பில் சிறிது அழுத்தம் கூட்டினால் முனகல் தெளிவாகிறது. கூட்டிக்கொண்டே போனால் பூனை கத்துகிறது.

பிறகு ஒரு மாலை அப்பாவை அழைத்தேன். விசைப்பலகையை அவர் முன் வைத்துக் காதுக்கருவியை மாட்டிவிட்டேன். (மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. மேற்சுரங்களைக் கேட்டு நம் மூளையே அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.) நாலு சுரம் வாசித்தார்.

“குரல் நல்லாருக்கும்மா. ஆனா இதுல ஆளு இல்ல.”

“ஏம்ப்பா?”

“சுரம் பொறக்கும்போதே பெரிய மனுஷனாப் பொறக்குது. விரலால வாசிச்சா அப்படி வராது. கொஞ்சம் கீழ நின்னு, இடத்தைத் தேடிக்கிட்டு வரும்.”

அந்த ஒரு பேச்சுக்காகவே நான் அவரைக் கும்பிட வேண்டும். அதுவரை நான் கித்தாரைச் செய்துகொண்டிருந்தேன், செய்யவேண்டியது விரலை. அன்றிரவே அவருடைய பழைய ஒத்திகை நாடா ஒன்றைக் கணினியில் ஏற்றி, அவர் ஏ-யிலிருந்து டி-க்கு வழுக்கும் ஓர் இடத்தை மட்டும் நூறு முறையாவது கேட்டிருப்பேன். எங்கள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை!

அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இசைக்கணக்கில் 100 சென்ட் என்பார்கள். (நிலத்திலும் 100 சென்ட்தான் ஓர் ஏக்கர், ஆனால் இந்தச் சென்ட்டுக்குப் பத்திரப்பதிவு கிடையாது.) ஒவ்வொரு சுரமும் இருபது சென்ட் கீழே பிறந்து, ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் தன் இடத்துக்கு வரும்படி செய்தேன். முந்தைய கட்டையை விடாமல் அடுத்ததைத் தொட்டால் மட்டும் சுரம் வழுக்கவேண்டும். விட்டுத் தொட்டால் புதிதாகத் தட்டவேண்டும். வழுக்கும்போது வடிகட்டி மறுபடி ‘ம்’ என்று தொடங்கக்கூடாது, ஏனென்றால் வலது விரல் மறுபடி தட்டவில்லை. இதற்கென்றே சர்ஜில் ஒரு நிலை இருக்கிறது. வழுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கலாகாது. பக்கத்துச் சுரத்துக்குக் குறைந்த நேரம், தூரத்துச் சுரத்துக்கு அதிக நேரம். விரல் நடந்துதானே போகவேண்டும்?

சுரத்தின் நடுக்கத்தையும் விரலே சொல்லித் தந்தது. மெட்டுள்ள கித்தாரில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து நடுக்குவார்கள். சுரம் மேலே மட்டும் போய்த் திரும்பும். மெட்டில்லாததில் விரல் நுனியை முன்னும் பின்னும் உருட்டுவார்கள். சுரம் மேலும் கீழும் சமமாக அசையும். நொடிக்கு ஐந்து முறை, பத்துப் பன்னிரண்டு சென்ட் அளவு, அதுவும் சுரம் பிறந்து சிறிது நேரம் கழித்து. அளவை இடது கைச் சக்கரத்தில் விட்டுவிட்டேன். நடுக்கத்தைக் கணினியிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது முறை கேட்டபோது அப்பா சிரித்தார். “இருபது சென்ட், இருபது சென்ட்னு எல்லாச் சுரமும் ஒரே மாதிரி வழுக்குது. தினம் ஒரே இடத்துல தடுக்கி விழறவன் நடிக்கிறான்னு அர்த்தம்” என்றார். ஆகவே ஒவ்வொரு தொடுகைக்கும் வேறு வேறு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் தரும் வசதியை அதோடு பிணைத்தேன். சில சுரங்கள் ஐந்து சென்ட் கீழே, சில இருபத்தைந்து, ஒன்றிரண்டு நேராகவே. அப்போதுதான் அவர் காதுக்கருவியைக் கழற்றாமல் முக்கால் மணி நேரம் வாசித்தார். என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. காதுக்கருவி ஒன்றுதான் இருந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் அப்பா பாடகர் குழுவோடு வாசித்தார். ஆலயத்தின் பெரிய ஒலிபெருக்கியில் கீழ் ஈ முதன்முறையாக உண்மையாக எழுந்தபோது, நான் நின்ற பெஞ்சு அதிர்ந்தது. பாடகர் குழுப் பெரியவர் ஒருவர் “யாருப்பா பேஸு?” என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வேறு விசேஷம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனார்.

இது கித்தாருக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்றே சொல்வேன். அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். கம்பிமேல் விரல் ஓடும் கீச்சொலி இதில் இல்லை. ஒரு கம்பி அதிரும்போது பக்கத்துக் கம்பி தானாக முனகுவதும் இல்லை. 1976 இசைத்தட்டில் ஜாக்கோ கம்பியை அழுத்தாமல் இலேசாகத் தொட்டு எழுப்பிய மணியோசைகளுக்கு நான் இன்னும் பக்கத்தில்கூடப் போகவில்லை. எண்பதுகளின் பாட்டுகளில் வருவதுபோல் ஒலியை இரட்டித்து அலையவிடும் கோரஸ் விளைவைச் சேர்த்துக் காட்டினேன்; “சோப்பு நுரை வேண்டாம்” என்று அப்பா அணைக்கச் சொல்லிவிட்டார். எனக்கு அது பிடிக்கும். இருந்தாலும் வாசிக்கிறவர் அவரல்லவா?

இப்போது கையிலிருக்கும் வேலை திறந்த கம்பி. விரலே வைக்காமல் தட்டும் சுரத்துக்கு வழுக்கலும் கிடையாது, நடுக்கமும் கிடையாது, ‘ம்வா’வும் கிடையாது; அது நேராகப் பிறந்து, நீளமாக நிற்கும். கீழ் ஈ எப்போதும் திறந்த கம்பிதான். அதற்குக் கீழே விரல் வைக்க இடமில்லை. விசைப்பலகையை இரண்டாகப் பிரித்து, அந்த ஒரு கட்டைக்கு மட்டும் தனி ஒலி கொடுத்துவிட்டேன். சிக்கல் ஏ-யிலும் டி-யிலும் ஜி-யிலும்தான். ஏ-யைத் திறந்த கம்பியிலும் வாசிக்கலாம், ஈ கம்பியில் ஐந்தாம் இடத்தில் விரல் வைத்தும் வாசிக்கலாம். எது என்பதை வாசிப்பவர் அந்தந்த நொடியில் முடிவு செய்கிறார். கணினி முடிவு செய்வதை அப்பா ஒப்பவில்லை. ஆகவே ஒரு மிதிகட்டையை இணைத்துக்கொண்டிருக்கிறேன்: மிதித்தால் திறந்த கம்பி, விட்டால் விரல். மேசைக்கடியில் கால் எட்டும்படி அப்பா அதற்கு ஒரு சாய்வுப் பலகை இழைத்துக்கொண்டிருக்கிறார். மாலையானால் காதுக்கருவியோடு உட்கார்ந்துவிடுகிறார். அம்மாவுக்குக் கேட்பது கட்டைகள் தட்டுகிற டக் டக் ஓசை மட்டுமே.